மெழுகு வைத்து மூடிய கரடிப் படம்

அன்புள்ள தம்பிக்கு, போடியிலிருந்து அம்மா எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. கல்யாண வேலையில் குறை ஒன்றும் இல்லை. பெண் வீட்டார் மதுரைக்குப் போய்ச் சேலை எடுத்து வந்துவிட்டார்கள், பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, சமையலுக்கு உத்தமபாளையத்து ஆள்தான் வருகிறார். நீ கேட்டிருந்ததெல்லாம் வேறு. கல்யாணத்தன்று சாயங்காலம் மண்டபத்துச் சுவரில் கட்டுவதற்கு அப்பாவின் வெள்ளைத் திரையைத் துவைத்து வைக்கச் சொன்னாய். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீயே மெஷினை ஓட்டி, அந்தக் கரடிப் படத்தை உன் பெண்டாட்டிக்குக் காட்டப் போவதாக எழுதினாய். மறுநாள் எல்லா ரீல்களையும் பம்பாய்க்கு எடுத்துப் போவதாகவும் எழுதினாய். திரையைத் துவைத்து, நீலம் போட்டு, காயவைத்து மடித்துவிட்டேன். மற்றது என்னால் ஆகாது தம்பி. இனி யாராலும் ஆகாது. கரடிப் படம் போய்விட்டது, அதோடு இருந்த எல்லாப் பொம்மைப் படங்களும் போய்விட்டன. நீ பெட்டி படுக்கையோடு வந்து இறங்கி, ஆசையாகத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் நீட்டி முழக்குகிறவள் என்பது உனக்குத் தெரியும். பொறுத்துப் படி.

அந்தப் படங்கள் நம் வீட்டுக்கு வந்தபோது நீ மூன்றாவதோ நான்காவதோ படித்தாய். மேகமலைக்கு ஏலக்காய் பார்க்கப் போன மனிதர் கரடி வாங்கிக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலத்தில் எஸ்டேட் கிளப்பில் ஓட்டிக்கொண்டிருந்த மெஷினையும் ரீல்களையும், அந்த அறையைக் காலி செய்கிறோம் என்று புதிதாக வந்த மேனேஜர் விற்றிருக்கிறார். முதல் தரக் காயை ஜீப்பின் பின்னால் கட்டிவிட்டு, ரீல் டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார் உன் அப்பா. அந்தச் சின்னமனூர்ப் பாதையில் மனுசனுக்கே எலும்பு கழன்றுவிடும், இவர் கரடிக்கு நோகக் கூடாது என்று பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஏலக்காய் வியாபாரிக்கு எதுக்கு இந்தக் கூத்து என்று நான் சண்டை பிடித்தேன். அவர் தன் எட்டு முழ வேட்டியை அவிழ்த்து, துண்டைக் கட்டிக்கொண்டு, வேட்டியைச் சரக்குக் கிட்டங்கிச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். அன்றைக்குத் திரை கிடையாது. அந்த வேட்டியில்தான் நீ கரடியை முதலில் பார்த்தாய்.

படம் என்று பெரிதாக என்ன இருக்கிறது? கோட்டுப் போட்ட குண்டுக் கரடி ஒன்று தூங்கப் பார்க்கும். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டி அதன் மூக்கில் விழும். சட்டியை எடுத்து வைத்தால் சட்டி சத்தம் போடும். கட்டிலை நகர்த்தினால் ஒழுகலும் கூடவே நகர்ந்து வரும். கடைசியில் வீடு முழுக்கத் தண்ணீர் நிரம்பி, கட்டில் மிதக்க ஆரம்பித்ததும், தொட்டிலில் கிடக்கும் பிள்ளை மாதிரி கரடி தூங்கிப்போகும். உலை கொதிக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும். பேச்சு கிடையாது, அதனால் எந்த ஊர்ப் படம் என்ற கேள்வியும் யாருக்கும் வரவில்லை. நம் கிட்டங்கியில் காய் பொறுக்கும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேச்சியம்மாள் மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, தன் வீட்டுக் கூரையைப் பார்த்துத்தான் வரைந்திருப்பான் போலிருக்கிறது என்றாள். நானும் சிரித்தேன். உன் அப்பாவுக்குத் தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

அவருக்குச் சிரிப்பு வருகிற இடம் வேறு. கரடியின் கோட்டில் மூன்று பட்டன். சட்டியைத் தூக்கத் திரும்பும்போது நடுப் பட்டன் காணாமல் போகும், நிமிர்ந்தால் வந்துவிடும். கண் கொட்டினால் தெரியாது. அவர் அதைக் கண்டுபிடித்து, ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உனக்குக் காட்டினார். தப்பாக வரைந்திருக்கிறானே என்று நீ கேட்டாய். அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "தப்புத்தாண்டா. அந்நேரத்துக்கு அவனுக்குப் பசிச்சிருக்கும். ஒரு மனுசன் ஒக்காந்து ஒவ்வொண்ணா கையால வரைஞ்சிருக்கான், அதுக்கு இந்தப் பட்டன்தான் சாட்சி." அன்றிலிருந்துதான் நீ ஏலக்காய்ச் சீட்டுகளின் பின்பக்கமெல்லாம் கரடியாக வரைந்து தள்ளினாய். படிப்பு கெடுகிறது என்று நான் கிழித்துப் போட்டதை அவர் பொறுக்கி எடுத்து வைத்தார். இன்றைக்கு நீ பம்பாயில் பல்பொடி விளம்பரத்துக்கு யானையை நடக்க வைக்கிறாய், சம்பளமும் கொடுக்கிறார்கள். அந்த விஷயத்தில் அவர் ஜெயித்தார், நான் தோற்றேன்.

அதற்குப் பிறகு அவருக்கு அது ஒரு நோயாகிவிட்டது. கம்பத்துக்குப் போனாலும் தேவதானப்பட்டிக்குப் போனாலும், பழைய பொம்மைப் படம் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரிப்பார். ராயப்பன்பட்டியில் ஒரு பாதிரியாரிடமிருந்து குடை பிடித்த கொக்கு வந்தது. பள்ளிக்கூடங்களுக்கு மெஷின் வாடகைக்கு விடும் மதுரைக்காரர் ஒருவர் சிநேகமானார். அவரும் இதே பைத்தியம். அவர் வந்தால் இரண்டு பேரும் ஃபிலிமைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இது முதலில் எடுத்ததா, நகலில் எடுத்த நகலா என்று வாதம் செய்வார்கள். நகல் என்றால் கோடு தடித்துவிடுமாம், நம் கரடிக்கு மீசை மயிர் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி தெரியுமாம். தன்னிடம் இருப்பதில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு கரடியைக் கொடுங்கள் என்று அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் கெஞ்சுவார். பிள்ளையை மாற்றிக்கொள்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்று உன் அப்பா காபியை ஆற்றிக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லா டப்பாக்களையும் திறந்து மேஜை மேல் பரப்பி, மேலே காற்றாடியைச் சுழலவிட்டு, ஒவ்வொரு ரீலையும் எடுத்து மோந்து பார்ப்பார். மதுரை மேலமாசி வீதிச் சாமியைப் போல அவற்றை ஊர்வலம் விடவில்லையே தவிர, மற்ற எல்லா மரியாதையும் நடந்தது. கரடிக்குக் காற்று வாங்குகிற மனுசனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கேலி செய்வேன். எதற்காகத் திறந்து வைக்கிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

இங்கே என் மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வயசில் வந்த காய்ச்சலில் எனக்கு வாசனை போய்விட்டது. கல்யாணமான புதிதில் பால் அடிப்பிடித்து, கிட்டங்கியிலிருந்து அவர் ஓடி வந்தபோதுதான் அவருக்கு அது தெரிந்தது. நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு காயை மோந்து, எந்த மலைக் காய், எப்போது பறித்தது என்று சொல்கிறவருக்கு வாய்த்த பெண்டாட்டி இப்படி. அவர் கோபப்படவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "இவளுக்கு மூக்கு மூக்குத்தி போடத்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். நாற்பது மூட்டை ஏலக்காய் அடுக்கின வீட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்திருக்கிறேன், ஏலக்காய் எப்படி மணக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஏல மண்டியில் அவர் மயங்கி விழுந்து, வலது கையும் பேச்சும் போனதை நீ வந்து பார்த்தாய். அதற்குப் பின்னால் நடந்ததைத்தான் உனக்கு நான் சரியாக எழுதவில்லை. அவருக்கு இடது கையும் ஒரே ஒரு சத்தமும் மட்டும் மிச்சம். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் கேட்பதை நான் புரிந்துகொள்ளப் பழகினேன். தலையணையைத் தட்டினால் திரும்பிப் படுக்க வேண்டும், விரலை மடக்கினால் தண்ணீர். வந்து பார்க்கிறவர்கள், "அவுக என்ன சொல்றாக?" என்று என்னைத்தான் கேட்பார்கள், நான் சொல்வேன். விலை என்ன போகிறது என்று கேட்கிறாக, உங்க மகளுக்கு எப்போ கல்யாணம்னு கேட்கிறாக என்று நானே சொல்வேன். பாதி அவர் கேட்டது, பாதி நானாகச் சொன்னது. அவர் மறுத்துப் பேச முடியாது பார். வாய் பேசாத மனுசனை இப்படிப் புரிந்து வைத்திருக்கிறாளே என்று போடிக் கடைவீதி முழுக்க என்னைப் பெருமையாகப் பேசியது. நீயும் அப்படி ஒரு கடிதம் எழுதினாய், அதை நான் பேச்சியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். எனக்குத் தலைக்கனம் ஏறியது. உண்மையைச் சொன்னால், அவர் நன்றாக இருந்த காலத்தில்கூட யாரும் என்னை அப்படிப் புகழ்ந்ததில்லை.

போன வருஷம் கோடை மழையில் அவர் படுத்திருக்கிற அறை ஓடு ஒழுகியது. மேஜை மேல் இருந்த டப்பாக்களின் மேல் சொட்டியது. உனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தோம், இதெல்லாம் உன்னிடம் சேர வேண்டிய சொத்து என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. நம் வீட்டில் உசந்த சரக்கை எப்படி வைப்போமோ அப்படி வைத்தேன். நிறமும் மணமும் போகக் கூடாது என்று முதல் தரக் காயைப் பாலிதீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, தகரப் பெட்டியில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடுவோம் இல்லையா, அதேதான். ஒவ்வொரு டப்பாவையும் பையில் சுற்றிக் கட்டினேன். பெட்டியை மூடி, விளிம்பு முழுக்க மெழுகுவத்தியை உருக்கி ஊற்றினேன். அவர் கட்டிலில் இருந்தபடி இடது கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினார். "ஆமா, உங்க மகனுக்குத்தான். எறும்புகூட நொழைய முடியாது, பாருங்க" என்றேன். கை அப்படியே மெத்தையில் விழுந்தது. நிம்மதி அடைந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து அந்தப் பெட்டியைக் கை நீட்டிக் காட்ட ஆரம்பித்தார். காலையில் காட்டுவார், சோறு ஊட்டும்போது காட்டுவார். நான் என்ன புரிந்துகொண்டேன்? படம் பார்க்க ஆசைப்படுகிறார் என்று புரிந்துகொண்டேன். தம்பி வரட்டும், கல்யாணத்துக்கு ஓட்டலாம் என்று சமாதானம் சொல்வேன். சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயைத் திறக்கவே மாட்டார். ஒரு நாள் தட்டைத் தட்டிவிட்டார். சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்கிறார் என்று உனக்கு எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? "அப்பா கரடிப் படத்துக்கு ஏங்குகிறார்" என்று எழுதினேன். அதைப் படித்துத்தான் நீ கல்யாணத்தில் படம் ஓட்ட வேண்டும் என்ற யோசனைக்கே வந்தாய். ஆடி பிறந்து மலையிலிருந்து காற்று அடிக்க ஆரம்பித்ததும் அடம் அதிகமானது. மேற்கு ஜன்னல் வழியாகக் காற்று பெட்டியைத் தாண்டித்தான் அவர் கட்டிலுக்கு வர வேண்டும். காற்று பலமாக அடிக்கிற நாளில் கையை இறக்கவே மாட்டார். கல்யாணம் நெருங்குகிற பரபரப்பு என்று அதற்கும் நான் ஒரு அர்த்தம் வைத்திருந்தேன். வீட்டில் என்னமோ புளித்த வாடை வருகிறது, ஊறுகாய் கெட்டுவிட்டதா என்று பேச்சியம்மாள் கேட்டாள். நான் நல்ல நார்த்தங்காய் ஜாடி ஒன்றைத் தூக்கிக் கொட்டினேன்.

உன் கடிதம் வந்ததும் மெஷினைச் சரிபார்க்க மதுரைக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். உன் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். வெயிலில் அங்கங்கே வெடித்திருந்த மெழுகைக் கத்தியால் சுரண்டி, மூடியைத் தூக்கியதும் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பாம்பு ஏதும் இருக்கிறதோ என்று எட்டிப் பார்த்தேன். கண் மட்டும் எரிந்தது. கரடி டப்பாவை அவர் திறந்தார். ஃபிலிம் அப்பளப்பூ மாதிரி சுருண்டு, மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தது. ஒரு சாண் இழுத்தார், ஒடிந்தது. அடுத்த டப்பாவும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார். "இதை இப்பிடி அடைச்சு வைக்கலாமா மதினி? வயசான ஃபிலிமுக்குப் புளிப்பு ஏறும். காத்தோட வெளியே போயிரணும், அடைச்சு வச்சா அதுவே அதைத் தின்னுரும். அண்ணனுக்குத் தெரியுமே. அதுக்குத்தானே வாராவாரம் தொறந்து வச்சு மோந்து பாப்பாக."

நான் திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். உன் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையை இத்தனை மாதமாக எதற்கு நீட்டினார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கரடியைப் பார்க்க இல்லை. பெட்டியைத் திற என்றுதான் கேட்டிருக்கிறார். படுத்த இடத்தில் இருந்துகொண்டு, மூச்சுக்கு மூச்சு தன் சொத்து புளித்துப்போவதை அந்த மூக்கால் மோந்துகொண்டே கிடந்திருக்கிறார், தம்பி. எழுந்து நாலடி நடந்தால் திறந்துவிடலாம், அது முடியாது. வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லலாம், அதுவும் முடியாது. உலகத்திலேயே அவர் பேச்சு புரிகிறவள் என்று பேர் வாங்கின நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, கல்யாணத்துக்குப் போடலாம், கல்யாணத்துக்குப் போடலாம் என்று வாயில் சோற்றைத் திணித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கரடிக்காவது கடைசியில் தூக்கம் வந்தது.

ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன். மதுரைக்காரர் தனக்குத் தெரிந்த மெட்ராஸ் ஆட்களுக்கெல்லாம் டெலிபோன் போட்டார். இதற்கு மருந்து கிடையாது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைக்கச் சொல்லிவிட்டு, ஒரு துண்டு ஃபிலிம்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார், அத்தனை வருஷம் கெஞ்சின மனிதர். எனக்குப் புதைக்க மனசு வரவில்லை. நனைந்த ஏலக்காயை என்ன செய்வோமோ அதைச் செய்தேன். மச்சில் சாக்கை விரித்து எல்லா ரீல்களையும் பரப்பி, ஜன்னல்களைத் திறந்து வைத்திருக்கிறேன். பிரயோசனம் இல்லை என்று தெரியும். சும்மா உட்கார முடியவில்லை, அதற்காகச் செய்தேன்.

பெட்டியைத் திறந்த அன்றிலிருந்து அவர் கையை நீட்டவில்லை. தண்ணீருக்குக்கூட விரலை மடக்குவதில்லை. கொடுத்தால் குடிக்கிறார், ஊட்டினால் தின்கிறார். என் மேல் கோபமா என்று கேட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தார். முன்பெல்லாம் அந்தப் பார்வைக்கு ஒரு அர்த்தம் சொல்லியிருப்பேன். இப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தட்டைத் தட்டிவிட மாட்டாரா என்று இருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கல்யாணம் செய்யப் போகிற பிள்ளைக்குத் தாய் எதையாவது சொல்ல வேண்டும். வருகிறவள் மனசில் இருப்பது எனக்குச் சொல்லாமலே தெரியும் என்று ஒரு நாளும் பெருமை பேசாதே. தெரிந்தாலும் கேள். அவள் கேட்டதற்கு நீ நினைத்ததைக் கொடுத்துவிட்டு, ஏன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று சலித்துக்கொள்ளாதே. வேறு என்ன சொல்ல? கரடியை ஒரு தாளில் வரைந்து கொண்டு வா என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். நீ நன்றாகத்தான் வரைவாய். மூன்று பட்டனையும் ஒழுங்காகப் போட்டுவிடுவாய், அதுதான் பயம்.

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. படம் ஓட்ட முடியாததற்குப் பெண் வீட்டாரிடம் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். மச்சிலிருந்து வாடை கீழே வரைக்கும் இறங்குகிறது என்று பேச்சியம்மாள் சொல்கிறாள். எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, என் மூக்கு உனக்குத் தெரிந்ததுதான். வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் கால் வைத்ததும் முகத்தைச் சுளிக்கிறார்கள், அவர் கட்டிலில் இருந்து ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறார். நீ வருகிற அன்றைக்கு அவரை வாசலைப் பார்க்கச் சாய்த்து உட்கார வைத்திருப்பேன். உள்ளே நுழையும்போது மூக்கைச் சுளித்துவிடாதே, ஐயா.

உன் அம்மா